மலைக்குளிர் போதாது: நீலகிரியில் ஆர்ட்டீமியா முட்டைகளைச் சேமிக்கும் முறை

நீலகிரியில் அலங்கார மீன் வளர்ப்பவர்களில் பலர், உப்புநீரில் பொரிக்க வைத்து மீன்குஞ்சுகளுக்கு இரையாகக் கொடுக்கும் ஆர்ட்டீமியா முட்டை டப்பாவைச் சமையலறை அலமாரியிலேயே வைத்துவிடுகிறார்கள். கோயம்புத்தூரிலும் சென்னையிலும் அதை ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்வது அங்குள்ள வெயிலுக்காக என்றும், ஊட்டியிலும் குன்னூரிலும் அறைக்குள்ளேயே வேண்டிய குளிர்ச்சி இருப்பதால் தனியாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்றும் அவர்கள் எண்ணுகிறார்கள். இந்த முட்டைகளைக் கெடுப்பதில் வெப்பத்தைவிட ஈரத்துக்கே முதலிடம் என்பதையும், மலையில் குறைவில்லாமல் கிடைப்பது அந்த ஈரம்தான் என்பதையும் இந்தக் கணக்கு விட்டுவிடுகிறது. சமவெளிக்காரர் வெயிலிலிருந்து காப்பாற்ற வேண்டிய பொருளை, மலைக்காரர் பனிமூட்டத்திலிருந்து காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆர்ட்டீமியா, கடலைவிட உப்பு மிகுந்த நீர்நிலைகளில் வாழும் சிற்றுயிர். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் பெரிய உப்பு ஏரி இதன் முட்டைகளுக்கு நெடுங்காலமாகப் பெயர்பெற்றது. நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் இது உண்டு. நாம் முட்டை என்று சொல்லி வாங்குவது, வளர்ச்சியைப் பாதியில் நிறுத்திக்கொண்ட ஒரு கரு, கெட்டியான ஓட்டுக்குள் காய்ந்து கிடக்கும் நிலை. ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர் அளவே இருக்கும். ஒரு கிராமில் 2 லட்சம் முதல் 3 லட்சம் வரை அடங்கும். தண்ணீர் முழுவதும் வற்றிய பிறகும் அந்தக் கரு சிதையாமல் இருப்பதற்கு, அதன் உடலில் சேர்ந்திருக்கும் டிரிஹாலோஸ் என்னும் சர்க்கரை பெரிதும் உதவுகிறது.

நன்றாகக் காய வைத்து அடைக்கப்பட்ட முட்டையில் நீரின் அளவு 2 முதல் 5 விழுக்காடு வரை இருக்கும். அந்த நிலையில் அது எதற்கும் அசையாது. ஃப்ரீசரின் குளிரையும் தாங்கும், 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தையும் தாங்கும். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி நீரளவு 10 விழுக்காட்டைத் தாண்டியதும் நிலைமை மாறுகிறது. உள்ளே உயிர்ச்செயல் மெல்லத் தொடங்கி, குஞ்சு ஓட்டை உடைத்து வெளிவருவதற்காகச் சேர்த்து வைத்திருக்கும் சத்தை எரிக்க ஆரம்பித்துவிடும். பொரிக்கும் அளவுக்கு ஈரம் இல்லாததால் பொரிக்கவும் முடியாது, முன்பு போல் உறங்கவும் முடியாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதே பழுப்புத் தூள்தான் தெரியும். உள்ளே இருப்பு தீர்ந்துகொண்டிருக்கும்.

இங்கேதான் மலைக்குளிர் நம்மை ஏமாற்றுகிறது. ஈரம் ஏறிய முட்டையில் இந்த உயிர்ச்செயல் ஏறத்தாழ 4 டிகிரிக்கும் 33 டிகிரிக்கும் இடையே நடக்கும். 4 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் அது நிற்கும். ஜூலை மாதத்து ஊட்டி வீட்டில் அறை வெப்பநிலை 14, 15 டிகிரியில் இருந்தால் நமக்குக் கை விறைக்கும்; முட்டைக்கோ அது வேலை செய்யத் தக்க வெப்பநிலைதான். ஆகவே காய்ந்த முட்டைக்கு மலைக்குளிர் தேவையில்லை, ஈரமேறிய முட்டைக்கு அது போதாது.

எப்போது திறப்பது

கடைகளில் இந்த முட்டைகள் பெரும்பாலும் 425 அல்லது 454 கிராம் டப்பாக்களில் வருகின்றன. காற்றை வெளியேற்றியோ, நைட்ரஜன் நிரப்பியோ அடைத்த டப்பா, திறக்காத வரை குளிரான, இருளான எந்த மூலையிலும் இருக்கலாம். வீட்டில் நான்கைந்து தொட்டிகள் வைத்து கப்பி, ஃபைட்டர், டெட்ரா குஞ்சுகளை வளர்ப்பவருக்கு நாளொன்றுக்கு அரை கிராம் முட்டையே தாராளம். அந்தக் கணக்கில் ஒரு பெரிய டப்பா இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வரும். அவ்வளவு காலம் ஒரே டப்பாவைத் தினமும் திறந்து மூடிக்கொண்டிருந்தால் கடைசி ஆண்டில் கையில் மிஞ்சுவது வெறும் ஓட்டுத் தூள்தான். நாலு பேர் சேர்ந்து ஒரு டப்பா வாங்கிப் பங்கிட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம். கடைக்காரர் சில்லறையாகப் பிரித்து விற்கும் 10, 20 கிராம் பொட்டலங்களை நான் பரிந்துரைப்பதில்லை. அவை எந்த நாளில், எப்படிப்பட்ட காற்றில் பிரிக்கப்பட்டன என்பதை யாரும் பொட்டலத்தின் மேல் எழுதுவதில்லை.

ஆகவே சேமிப்பின் பெரும்பகுதி, டப்பாவை முதன்முதலில் திறக்கும் அந்த ஒரு மணி நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. அதற்கு நாள் பார்க்க வேண்டும். நீலகிரியில் எல்லா ஊருக்கும் ஒரே மழைக்காலம் இல்லை. கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி போன்ற மேற்குப் பகுதிகளைத் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் ஊறவைக்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது பலருக்கும் நினைவிருக்கும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகக் காற்று காய்ந்திருப்பது ஜனவரி முதல் மார்ச் வரை, அதிலும் உறைபனி கரைந்து வெயில் ஏறிய நடுப்பகல் நேரம். ஓர் ஆண்டுக்கு வேண்டிய முட்டையை அந்த மாதங்களில் வாங்கி, அப்போதே பிரித்து அடைத்துவிடுவது எல்லா வகையிலும் நல்லது.

காற்றின் ஈரத்தைக் காட்டும் சிறிய டிஜிட்டல் ஈரப்பதமானி இப்போது எளிதாகக் கிடைக்கிறது. ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்போது திறப்பது நலம். கருவி இல்லாதவர்கள் அடுப்பங்கரையில் இருக்கும் கல்லுப்பு ஜாடியைப் பார்க்கலாம். சுத்தமான உப்பே காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் நீர்விடத் தொடங்கும். கல்லுப்பில் கலந்திருக்கும் வேறு உப்புகளால் அது இன்னும் முன்னதாகவே கசியும். ஜாடியில் உப்பு கசியும் நாளில் முட்டை டப்பாவைத் தொடக் கூடாது. உப்பு உலர்ந்திருக்கிறது என்பதாலேயே காற்று போதிய அளவு காய்ந்துவிட்டது என்றும் ஆகிவிடாது. அது தடைசொல்லும் அடையாளம் மட்டுமே.

மழைக்காலத்தில் திறந்தே ஆக வேண்டிய கட்டாயம் வந்தால், ஒரு சிறிய அறையைக் கதவு, ஜன்னல் சாத்தி, மின்சார ரூம் ஹீட்டரால் சூடாக்கிக்கொள்ளலாம். ஈரம் முழுமையாக நிறைந்த 14 டிகிரிக் காற்றை 24 டிகிரிக்குச் சூடாக்கினால், அதிலுள்ள நீராவி கூடாமலும் குறையாமலும் இருக்கும்போதே ஈரப்பதம் ஏறத்தாழ 54 விழுக்காடாக இறங்கிவிடும். கேஸ் அடுப்பை எரித்து அறையைச் சூடாக்குவது இதற்கு உதவாது, ஏனெனில் எரிவாயு எரியும்போது நீராவியும் சேர்ந்தே வெளிவருகிறது. மூடிய அறையில் கரி அடுப்பு வைப்பது உயிருக்கே ஆபத்து. அந்தப் பேச்சே வேண்டாம்.

பிரித்து அடைப்பது

டப்பா ஃப்ரிட்ஜில் இருந்திருந்தால், மூடியைத் தொடாமல் அரைநாள் வெளியில் வைத்து அறையின் வெப்பநிலைக்கு வர விட வேண்டும். குளிர்ந்த டப்பாவை உடனே திறந்தால், அறைக்காற்றின் ஈரம் அதன் உட்சுவரிலும் முட்டைகள் மேலும் கண்ணுக்குத் தெரியாத பனித்துளியாகப் படியும். ஈரத்தில் முட்டை கெடுவதற்கு இதைவிடக் குறுக்கு வழி கிடையாது. ஃப்ரிட்ஜை முறையாகப் பயன்படுத்துகிறவர்கள்கூட இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

பொட்டலம் ஒவ்வொன்றிலும் ஒரு மாதத்துக்கு வேண்டிய அளவு, அதாவது 15 அல்லது 20 கிராம் மட்டும் இருந்தால் போதும். உள்ளே வெள்ளித்தாள் பூசிய கனமான பைகள் மிகச் சிறந்தவை. சாதாரண மெல்லிய பாலிதீன் வழியாக நாளாவட்டத்தில் ஈரம் உள்ளே கடந்துவிடும். கண்ணாடி பாட்டில்களும் நல்லவையே. இன்ஸ்டன்ட் காபி வரும் சிறு பாட்டில்கள், மூடிக்குள் அட்டையோ ரப்பரோ கிழியாமல் இருந்தால் இதற்கென்றே செய்தது போல் பொருந்தும். நீலகிரித் தைலம் இருந்த பாட்டிலை எடுக்காதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் அதன் வாசம் போவதில்லை. எந்தப் பாட்டிலானாலும் கழுவிய பின் வெயிலில் காய வைத்தது போதும் என்று நினைக்காமல், மூடியின் மரைக்குள் ஒளிந்திருக்கும் ஈரத்தையும் உலர்ந்த துணியால் துடைத்து, ஓர் இரவு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் மூடி வைத்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

பையில் அடைக்கும்போது உள்ளிருக்கும் காற்றைக் கையால் அழுத்தி வெளியேற்றிவிட்டு, மெழுகுவர்த்தியாலோ சீல் வைக்கும் இயந்திரத்தாலோ வாயை ஒட்ட வேண்டும். இதற்கு மலையில் இன்னொரு காரணமும் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு, பர்லியார் வழியாக மேலே வரும்போது சிப்ஸ் பாக்கெட்டுகள் உப்பிக்கொள்வதை எல்லோரும் பார்த்திருப்போம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் காற்றழுத்தம் சமவெளியில் உள்ளதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குதான். சமவெளியில் காற்றோடு அடைத்த முட்டைப் பை இங்கே வந்து சேரும்போது ஒட்டிய இடத்தில் மயிரிழை அளவு பிரிந்திருக்கலாம். தூள் வெளியே கொட்டாது, ஈரம் உள்ளே போய்க்கொண்டிருக்கும். கூரியரில் வரும் பொட்டலத்தைப் பிரித்தவுடன் அதன் ஓரங்களைத் தடவிப் பார்ப்பது நல்ல பழக்கம். மலையில் மூடிய பாட்டிலைக் கோயம்புத்தூர் நண்பருக்கு எடுத்துச் செல்லும்போது இதற்கு நேர்மாறாக நடக்கும்: உள்ளே அழுத்தம் குறைவாக இருப்பதால், மூடி இறுக்கமாக இல்லையென்றால் கீழே இறங்க இறங்க அது வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அடைத்த மாதத்தையும், டப்பாவிலிருந்த காலாவதித் தேதியையும் எழுதிவிட்டு, எல்லாவற்றையும் ஒரு பெரிய டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல்லுடன் வைத்து, அந்த டப்பாவை ஃப்ரிட்ஜின் உட்பகுதியில் வைக்க வேண்டும். கதவுத் தட்டில் வைத்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது சூடேறி ஆறும். நீல நிறச் சிலிக்கா ஜெல் ஈரம் குடித்ததும் இளஞ்சிவப்பாக மாறும். அப்போது அதை ஓவனில் ஏறத்தாழ 120 டிகிரியில் நிறம் திரும்பும் வரை சூடாக்கினால் மீண்டும் உதவும். அந்த நீல நிறம் கோபால்ட் குளோரைடால் வருவது. அது நச்சுத்தன்மை உள்ளதாகையால், மணிகளைத் துணிப்பையில் கட்டி, முட்டையோடு நேரடியாகக் கலக்காதபடி வைப்பது அவசியம். அரிசியைப் போட்டு வைத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: மழைக்கால மலைவீட்டில் அரிசியே ஈரமாகத்தான் இருக்கிறது.

ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டிய பொட்டலங்களை ஃப்ரீசரில் வைக்கலாம். முட்டை உண்மையிலேயே காய்ந்திருந்தால் மட்டும் இதைச் செய்ய வேண்டும். நீர் நிரம்பிய முட்டைகள் மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே போனால் சாகத் தொடங்கிவிடும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த பொட்டலத்தைத் திறக்காமலேயே சில நாட்கள் வெளியில் வைத்த பிறகு பயன்படுத்தினால் பொரிப்பு நன்றாக இருக்கும். மழைக்காலத்தில் மரம் விழுந்து மணிக்கணக்காக மின்சாரம் இல்லாமல் போவது மலையில் புதிதல்ல. அப்போது பதறிப்போய் டப்பாவை வெளியே எடுக்க வேண்டாம். மூடியிருக்கும் வரை அதற்கு ஒன்றும் ஆகாது.

தினமும் எடுப்பது

பெரிய இருப்பிலிருந்து மாதம் ஒரு பொட்டலத்தை எடுத்து, ஒரு சிறு பாட்டிலில் கொட்டி, அன்றாடம் அதிலிருந்து மட்டும் பயன்படுத்த வேண்டும். இந்தப் பாட்டில் ஃப்ரிட்ஜுக்கும் மேசைக்கும் தினமும் போய்வரக் கூடாது; ஒரு மாதத்துக்குள் தீர்ந்துவிடும் என்பதால், சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள் அறையிலேயே இருக்கட்டும். முட்டை எடுக்கும் கரண்டி உலர்ந்ததாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. பொரிக்கும் பாத்திரத்துக்கு அருகில் பாட்டிலைத் திறக்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: ஏர் பம்ப் ஓடும்போது குமிழிகள் உடைந்து உப்புநீர்த் திவலைகள் தெறித்துக்கொண்டே இருக்கும், காலையில் மேசையைத் துடைத்தால் விரலில் ஒட்டும் வெள்ளைப் பொடி அதுதான். அந்தத் திவலை பாட்டிலின் வாயில் படிந்தால், உப்பே காற்றின் ஈரத்தை இழுத்து முட்டைக்குக் கொடுத்துவிடும். மழைநாளில் தட்டில் வைத்த வர்க்கி எவ்வளவு சீக்கிரம் நமத்துப் போகிறதோ, திறந்த பாட்டிலில் முட்டையும் அவ்வாறே என்று எண்ணிக்கொண்டு, எடுத்த கையோடு மூடிவிட வேண்டும்.

முட்டையின் நிலையை அறிதல்

நல்ல முட்டை காபித்தூள் நிறத்தில், பாட்டிலைச் சாய்த்தால் தனித்தனியாக வழியும். மூடியிலும் சுவரிலும் ஒட்டியிருப்பதைக் கண்டு உடனே கவலைப்பட வேண்டாம். ஜனவரி மாத வறண்ட காற்றில் பிளாஸ்டிக் டப்பாவில் ஏறும் நிலைமின்சாரத்தாலும் முட்டைகள் சுவரில் ஒட்டும். ஆனால் அவை ஒவ்வொன்றாகப் பரவி ஒட்டியிருக்கும், தட்டினால் துள்ளும். ஈரத்தால் ஒட்டுபவை கட்டி கட்டியாக இருக்கும். கட்டியை விரலால் நசுக்கினால் உதிராமல் தட்டையாகும். பூசண வாடை வந்துவிட்டால் மேற்கொண்டு சோதிக்க ஒன்றுமில்லை, கொட்டிவிட வேண்டியதுதான்.

இவற்றைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. அதற்குக் கடிகாரம் பழுது பார்ப்பவர் வைத்திருக்கும் லென்ஸ் போன்று பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் ஒன்று போதும். வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை தூவி, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். காய்ந்த முட்டை உருண்டையாக இருக்காது; காற்றுப் போன பந்தை ஒரு பக்கம் அமுக்கியது போல் நடுவில் குழிந்து, அந்தக் குழியில் நிழல் விழுந்திருக்கும். உப்புநீரில் போட்ட ஓரிரு மணி நேரத்தில் அந்தக் குழி நிரம்பி முட்டை முழு உருண்டையாகும். பாட்டிலிலிருந்து எடுத்த தூளிலேயே குழிகள் மறைந்து உருண்டைகள் நிறைய தெரிந்தால், ஈரம் நன்றாக உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள்.

அப்படித் தெரிந்தால் என்ன செய்வது? ஈரம் பட்டது நேற்றோ இன்றோ என்றால், முட்டையை அகலமான தட்டில் மெல்லிய படலமாகப் பரப்பி, நிறையச் சிலிக்கா ஜெல் இட்ட மூடிய டப்பாவுக்குள் வைத்து உலர்த்தி, அந்த மாதமே பயன்படுத்தித் தீர்க்கலாம். சூடு காட்டுவதானால் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. இதைவிட எளிய இன்னொரு வழியும் இருக்கிறது. மலைக்கு அது மிகவும் ஏற்றது. தண்ணீரில் கல்லுப்பை அடியில் கரையாமல் மிஞ்சும் வரை கரைத்து, அந்தச் செறிந்த உப்புநீரில் முட்டைகளைப் போட்டுவிட வேண்டும். செறிவான உப்பு முட்டையிலிருந்து நீரை வெளியே இழுத்துவிடுவதால் அதன் வளர்ச்சி நிற்கும். வெளியே எத்தனை மூடுபனி இருந்தாலும் அதற்கு ஒரு பொருட்டில்லை. பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்தால் சில மாதங்களுக்கு வரும். வேண்டும்போது மெல்லிய துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிப் பொரிக்க வைக்கலாம். ஓடு நீக்கிய முட்டைகளையும் இப்படியே வைக்கலாம். ஒளியிலிருந்து காக்கும் ஓடு அவற்றுக்கு இல்லாததால், பாட்டிலைச் சுற்றிக் கறுப்புத் தாள் ஒட்டுவது அவசியம்.

பழியை முட்டையின் மேல் போடுமுன்

மலையில் பொரிப்பு குறைந்தவுடன் முட்டை கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவது பெரும்பாலும் தவறு. முட்டைகள் நன்கு பொரிக்க நீர் 26 முதல் 28 டிகிரி வரை இருக்க வேண்டும்; 16 டிகிரி அறையில் வைத்த பாத்திரத்தில் மறுநாள் குஞ்சு தேடுவதில் பயனில்லை. ஹீட்டர் போட்ட மீன்தொட்டிக்குள்ளேயே பொரிக்கும் பாட்டிலைக் கழுத்தளவு இறக்கிக் கட்டிவிடுவது, தனி ஹீட்டர் வாங்குவதைவிட மேலானது. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால், அதற்கும் கண்ணாடி பாட்டிலே வசதி. மலைநீர் பெரும்பாலும் மென்னீர். அதில் உப்பை மட்டும் கரைத்தால் பிஹெச் அளவு 8-க்குக் கீழேயே நின்றுவிடக்கூடும். லிட்டருக்கு 25 கிராம் உப்புடன் 2 கிராம் சமையல் சோடாவும் சேர்த்து, முதல் சில மணி நேரம் மேலே நல்ல விளக்கு எரிய விட வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருக்கும்போது செய்யும் சோதனையே முட்டையைப் பற்றி உண்மை சொல்லும். ஈரத் தீக்குச்சி நுனியால் தொட்டெடுத்து, லென்ஸ் வைத்து நூறு முட்டைகளை எண்ணி, ஆழமற்ற சிறு எவர்சில்வர் கிண்ணத்து உப்புநீரில் இட்டு, அதை இதமான தொட்டியின் மேல் மிதக்க விடுங்கள். 36 மணி நேரம் கழித்துப் பொரிக்காதவற்றை எண்ணினால் விழுக்காடு நேராகவே கிடைத்துவிடும். எண்ணும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். அசைவற்றுக் கிடக்கும் முழு முட்டைகள் ஒரு வகை. ஓடு வெடித்து, குஞ்சு பாதி வெளியே வந்து, நீந்த வலுவில்லாமல் ஓட்டிலேயே தொங்கி நிற்பவை இன்னொரு வகை. இரண்டாவது வகை மிகுதியாக இருந்தால், சேமிப்பில் ஈரம் பட்டு இருப்புச் சத்து கரைந்திருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

80 விழுக்காட்டுக்கு மேல் பொரிந்தால் அந்தப் பொட்டலத்தைத் தயங்காமல் வைத்துக்கொள்ளலாம். பாதி பொரிந்தால், அளவை இரட்டிப்பாக்கி உடனே பயன்படுத்தித் தீர்க்க வேண்டும். அப்போது பொரிக்காத முட்டைகளும் வெற்று ஓடுகளும் குஞ்சுகளோடு கலந்து தொட்டிக்குப் போகாதபடி, காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டு, வெளிச்சத்தை நோக்கித் திரளும் குஞ்சுகளை மட்டும் குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒரு வேளைக்கு மிஞ்சிய குஞ்சுகளை ஆழமில்லாத தட்டு நீரில் ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் வரை சத்துக் குறையாமல் இருக்கும். பத்துக்கு மூன்றுகூடப் பொரியாத பொட்டலத்துக்காகத் தொட்டிச் சூட்டையும் மின்சாரத்தையும் செலவழிக்க வேண்டாம். ஓடு நீக்கி, பெரிய மீன்களுக்கு அப்படியே தீவனமாகக் கொடுத்துவிடலாம்.